தட்டிவிட்டுத் திறக்கவும்

ஸ்டேஷன் போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் போனைப் பார்த்தார். பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்த டீயைப் பார்த்தார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ..."

"சார்... கோழிப் பண்ணையிலேருந்து பேசறேன் சார்... சூப்பர்வைசர்..."

"சொல்லுங்க."

"மூணாம் நம்பர் ஷெட்டுல செத்துக் கிடக்கு சார்!"

"கோழி செத்தா கோழி டாக்டருக்குப் போன் பண்ணுங்க. இது போலீஸ் ஸ்டேஷன்."

"டாக்டரம்மா வந்துட்டாங்க சார். அவங்கதான் உங்களுக்குப் பண்ணச் சொன்னாங்க. செத்தது கோழி இல்ல... எங்க முதலாளி!"

இன்ஸ்பெக்டரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது அந்த முகம். தொட்டால் தொடுவது தெரியும். வலி தெரியாது. இந்த வேலையில் சேர்ந்த புதிதில் அப்படி இல்லை. எப்போது அப்படி ஆனது என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

"ஏட்டு! ஜீப்பை எடுங்க."

"என்னய்யா கேஸு?"

"கோழி."

"வறுவலா?"

"கொலை."

---

பண்ணை ஊருக்கு வெளியே இருந்தது.

நீளமான தகரக் கூரை ஷெட்டுகள். பக்கவாட்டில் படுதாக்கள் பாதி இறக்கப்பட்டிருந்தன. உள்ளே பெரிய விசிறிகள் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் கால் நனைத்துவிட்டுப் போக ஒரு சிமென்ட் தொட்டி, அதில் வெளுத்த மருந்துத் தண்ணீர்.

ஏட்டு ஜீப்பிலிருந்து இறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஐயா... உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

"எனக்கு மூக்கு செத்துப் போய் ரொம்ப நாளாச்சு. ஒரு காய்ச்சல்ல போனது, திரும்பி வரலை."

"குடுத்து வெச்சவருய்யா நீங்க!"

வாசலில் நின்றிருந்த சூப்பர்வைசர் ஓடிவந்தார். ஒல்லியான மனிதர். நீலக் கோட்டு போட்டிருந்தார். இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது.

"எங்களுக்கும் அப்படித்தான் சார். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்ல மூக்கு மரத்துடும். அமோனியா ஏறி நின்னாலும் தெரியாது. அதான் முதலாளி சொல்லிக்கிட்டே இருப்பார்... மூக்கை நம்பாதே, தோலைப் பாருன்னு."

"கன்னத்துல என்ன?"

சூப்பர்வைசர் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல சார்..."

மூன்றாம் நம்பர் ஷெட் கதவில் சிவப்பு பெயின்டில் எழுதியிருந்தது.

தட்டிவிட்டுத் திறக்கவும். மெதுவாக.

பக்கத்தில் சுவரில் வரிசையாக ஆணிகள். ஓர் ஆணியில் மட்டும் ஒரு நீலக் கோட்டு தொங்கியது. சூப்பர்வைசர் அதை எடுத்து நீட்டினார்.

"இதைப் போட்டுக்குங்க சார். கோழிங்களுக்கு இந்த நீலம் பழக்கம். வேற கலரைப் பார்த்தா மிரளும். டாக்டரம்மா சொந்தக் கோட்டு வெச்சிருக்காங்க. வெளியாளுங்களுக்குன்னு ரெண்டு கோட்டு மாட்டியிருக்கும்... இன்னொண்ணைத்தான் காணோம்."

இன்ஸ்பெக்டர் போட்டுக்கொண்டார். ஏட்டு தன் காக்கிச் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப எனக்கு?"

"காக்கியைப் பார்த்தா மிரளும் சார்..."

"காக்கியைப் பார்த்தா மனுஷனே மிரளுவான். கோழி மிரளட்டுமே!" ஏட்டு கதவு எழுத்தைப் படித்தார். சிரித்தார். "தட்டினா உள்ளேருந்து யாருய்யா எழுந்து வந்து திறப்பாங்க?"

"சார்... வேண்டாம் சார்... அப்படித் திறக்காதீங்க..."

தாமதம்!

ஏட்டுவின் பூட்ஸ் கதவை உதைத்துவிட்டது.

டமால்!

உள்ளே தரை எழுந்து ஓடியது. அப்படித்தான் தெரிந்தது. ஆயிரக்கணக்கான வெள்ளைக் கோழிகள் ஒரே நேரத்தில் எதிர்ச் சுவரைப் பார்த்து ஓடின. சுவரில் மோதின. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறியது. மூலையில் வெள்ளையாக ஒரு குவியல் எழும்பியது. இறக்கைச் சத்தம், பெரிய துணியை யாரோ கிழிப்பது மாதிரி...

"எந்த மடையன் கதவைத் திறந்தது?" உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், கோபமாக, ஆனால் கிசுகிசுப்பாக வந்தது.

கோழி டாக்டர்.

நாற்பது வயதுக்காரி. நீலக் கோட்டு. கையில் ஒரு கோழியைத் தலைகீழாகப் பிடிக்காமல், குழந்தையைப் போல் அணைத்துப் பிடித்திருந்தார்.

"போலீஸ்..." என்றார் ஏட்டு.

"அதுங்களுக்குத் தெரியுமா அது? ஒரே உதையில எத்தனை முதுகு கிழிஞ்சிருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

இன்ஸ்பெக்டர் உள்ளே ஓர் அடி வைத்தார். கால் பக்கத்தில் ஏதோ மெத்தென்று பட்டது. கீச்சென்று ஒரு சத்தம்.

"காலைத் தூக்காதீங்க சார். தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க. அதுவா ஒதுங்கும்."

தேய்த்து நடந்தார். மங்கலான மஞ்சள் விளக்கு. காலுக்கடியில் மரத்தூள், காய்ந்து பொலபொலவென்று கிடந்தது. ஷெட்டின் நடுவே, தண்ணீர்க் குழாய் வரிசைக்குக் கீழே, அது.

முதலாளி குப்புறக் கிடந்தார்.

நீலக் கோட்டு. பின்னந்தலையில் இரத்தம் உறைந்து கறுத்திருந்தது. கை ஒன்று முன்னால் நீண்டிருந்தது. விரல்களுக்கு அருகே ஒரு சின்ன மருந்து டப்பாவும் பஞ்சும். முதுகின் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. சாவகாசமாக.

ஏட்டு அதை விரட்டினார். அது இறங்கி நடந்து போய் இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் கயிற்றைக் கொத்தியது.

"எப்பப் பார்த்தீங்க?" சூப்பர்வைசரிடம் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"காலையில சார். தட்டிட்டுத்தான் வந்தேன்... முதலாளி ராத்திரி ஷெட்லயே படுத்திருப்பார்னு நெனச்சேன். ஒரு பேட்ச் கோழி லாரி ஏறற வாரத்துல அப்படித்தான் படுப்பார்."

"அடிச்சது எதால?"

டாக்டர் வாசல் பக்கம் கை காட்டினார். "தொட்டியில கிடக்கு பாருங்க. தூள் கிளறுற இரும்பு வாரி."

மருந்துத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. கைரேகையை எதிர்பார்க்க வழியில்லை.

"யாரோட வாரி?"

சூப்பர்வைசர் தொட்டியைப் பார்த்தார். "நான்தான் சார் தினமும் கிளறுவேன்..."

---

டாக்டர் மூலையிலிருந்து ஒரு கோழியை எடுத்துவந்தார். இறக்கையை விரித்துக் காட்டினார். தோலில் நீளமாக ஒரு கோடு. ஈரச் சிவப்பு.

"இது உங்க ஏட்டு பண்ணினது. இப்போ."

ஏட்டு கூரையைப் பார்த்தார்.

"இப்ப இது உங்க கேஸுக்குத் தேவைப்படும் சார், கேளுங்க. கீறல் புதுசா இருந்தா சிவப்பு. ஒரு ராத்திரி போச்சுன்னா காய்ஞ்சு கறுப்பாயிடும். இன்னும் சில நாள் ஆனா மஞ்சள் படியும். அப்புறம் வெள்ளைத் தழும்பு. தோலைப் பார்த்தே எப்ப நடந்ததுன்னு நான் சொல்லிடுவேன்."

"சரி?"

"நீங்க வர்றதுக்கு முன்னால நான் நிறையக் கோழியைப் பிடிச்சுப் பார்த்துட்டேன். கறுப்புக் கீறல் ஒண்ணுகூட இல்லை."

இன்ஸ்பெக்டர் ஒரு நிமிடம் யோசித்தார்.

"அதாவது... நேத்து யாரும் கதவை உதைச்சுத் திறக்கலை."

"தட்டிட்டு, மெதுவா, நீலக் கோட்டு போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. வந்து..."

"ஒரு ஆள் அடிபட்டு விழுந்தாரே! அப்ப மிரளாதா?"

"பக்கத்துல நின்னது ஒதுங்கியிருக்கும். அவ்வளவுதான். தினமும் தீவன மூட்டை விழுந்து பழகினதுங்க. ஆனா அடிச்ச ஆள் ஓடியிருந்தா மிரண்டிருக்கும். ஓடலை. வந்த மாதிரியே தேய்ச்சு நடந்து போயிருக்காங்க. அந்த நிதானம்தான் சார் எனக்குப் பயமா இருக்கு."

கோழியைக் கீழே விட்டார்.

"அநியாயம் சார். இந்த மாதிரி ஒரு பண்ணைக்காரரை நான் பார்த்ததே இல்லை. முன்னாடியெல்லாம் இங்க வந்தா அழுகை வரும். ஈரத் தூள்ல நின்னு நின்னு பாதமெல்லாம் வெந்து கருகிப் போயிருக்கும். உட்கார்ந்தா முட்டி வேகும். நெஞ்சுல கொப்புளம். நான் சொன்னதை எல்லாம் வரி விடாம செஞ்சார். தண்ணி ஒழுகலை நிறுத்தினார். நெரிசலைக் குறைச்சார். தீவனத்துல ஜிங்க் சேர்த்தார். தூள் காய்ஞ்சே கிடக்கும். பாதத்தைப் பாருங்க, குழந்தைப் பாதம் மாதிரி!"

"கீறல்?"

"அதுதான் கடைசியா மிச்சம் இருந்தது. கீறல் வழியா கிருமி போனா தோலுக்கு அடியில மஞ்சளா, தகடு மாதிரி படிஞ்சிடும். மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது சார். உரிச்சாத்தான் தெரியும். அதுக்காகத்தான் இந்தத் தட்டுற பழக்கம். அவரே எழுதி மாட்டினார். ஷெட்டுக்குள்ள குரலை உயர்த்த மாட்டார். அவ்வளவு இரக்கம்..."

சூப்பர்வைசர் வேறெங்கோ பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"இங்க தட்டிட்டு வர்ற ஆளுங்க யார் யார்?"

"முதலாளி... நான்... டாக்டரம்மா..."

"நேத்து பூரா நான் வேற ஊர்ல மாடு பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார் டாக்டர். "ஒரு ஊரே சாட்சி சொல்லும்."

"அப்ப மிச்சம் நீங்க." இன்ஸ்பெக்டரின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "கன்னத்துல என்ன?"

"சார்..."

"கேட்டேன்ல?"

"நேத்து மத்தியானம்... அவசரத்துல தட்டாம ரெண்டாம் நம்பர் ஷெட்டுக்குள்ள போயிட்டேன் சார். ஒரு கோழிக்கு முதுகுல கீறல் விழுந்துடுச்சு. முதலாளி அறைஞ்சுட்டார்."

"ஷெட்டுக்குள்ளேயா?"

"இல்ல சார். வெளியில கூட்டிட்டுப் போய்த்தான் அறைஞ்சார். உள்ள அறைஞ்சா சத்தத்துக்குக் கோழி மிரளும்னு."

ஏட்டு சிரிக்க வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"காணாமப் போன கோட்டு எங்கே? இரத்தம் பட்டதுன்னு எரிச்சுட்டீங்களா?"

"ஐயோ சார்! என் கோட்டு என் மேலயே இருக்கு. அதை நான் பார்க்கவே இல்லை..."

"ஏட்டு... ஜீப்புல ஏத்துங்க."

---

பண்ணை வீடு ஷெட்டுகளுக்குப் பின்னால் இருந்தது.

கதவின் கீழ்ப்பலகை பிளந்திருந்தது. பிளவின் மேல் ஒரு தகரத்துண்டு ஆணி அடித்து ஒட்டப்பட்டிருந்தது. தகரமும் நசுங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். பார்த்தது ஒரு மூலையில் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான்.

முதலாளியின் மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முழுக்கைச் சட்டை. அழவில்லை. அழுத தடமும் இல்லை.

"நேத்து எப்பம்மா கடைசியா பார்த்தீங்க?"

"மத்தியானம். சாப்பிட்டுப் போனார்."

"ராத்திரி வரலைன்னு தேடலையா?"

"தேட மாட்டேன்."

"ஏன்?"

"தேடினா கோபம் வரும்."

"ஷெட் பக்கம் நீங்க போறதுண்டா?"

"எனக்கு அங்க அனுமதி இல்லை சார். என் துணிக் கலர் கோழிக்கு ஆகாதுன்னு சொல்வார்."

"சூப்பர்வைசர் எப்படிப்பட்ட ஆளு?"

அவள் முதல்முறையாக நிமிர்ந்தாள்.

"நல்லவர். ஏன்?"

"அவரைத்தான் கூட்டிட்டுப் போறோம்."

அவள் கைவிரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. வாய் ஏதோ சொல்லத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

எழுந்து வெளியே வரும்போது இன்ஸ்பெக்டர் கேட்டார், சும்மா.

"கதவுக்கு என்னம்மா ஆச்சு?"

"இறுகிக்கிச்சு சார். உதைச்சாத்தான் திறக்கும்."

---

ஸ்டேஷன் வாசலில் சூப்பர்வைசரின் மனைவி நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. வயிற்றில் இன்னொன்று.

"சார்! அவரு ஈ எறும்புக்குக்கூட தீங்கு நெனைக்க மாட்டாரு சார்!"

"கோழிப் பண்ணையில வேலை பாக்கறவரும்மா" என்றார் ஏட்டு.

"அதுங்களை வளர்க்கறதோட சரி! லாரியில ஏத்துற அன்னிக்கு லீவு போட்டுட்டு வந்து சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவாரு! வேணும்னா அக்கம்பக்கத்துல கேளுங்க!"

இன்ஸ்பெக்டர் உள்ளே போனார்.

லாக்கப்பில் சூப்பர்வைசர் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்.

"சாயங்காலம் உங்களைக் கோர்ட்டுல நிறுத்தப் போறேன். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை. சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

"நான் பண்ணலை சார்."

"அது எல்லாரும் சொல்றது. வேற?"

"வேற என்ன சார் சொல்றது... அறை வாங்கினவன் நான். வாரி என்னோடது. தட்டிட்டுப் போறவனும் நான். நானே இன்ஸ்பெக்டரா இருந்தா என்னைத்தான் பிடிப்பேன்."

"கோட்டு?"

"எந்தக் கோட்டு?"

"காணாமப் போன நீலக் கோட்டு. அது மட்டும் கிடைச்சா போதும்."

சூப்பர்வைசர் களைப்பாகக் கண்ணை மூடினார்.

"துவைக்கப் போயிருக்கும் சார்."

"எங்க?"

"முதலாளி வீட்டுக்குத்தான். கோட்டெல்லாம் அம்மாதான் துவைப்பாங்க. வாரக் கடைசியில நான் மூட்டையா கட்டிக் கொண்டுபோய்க் குடுப்பேன்."

"இது வாரக் கடைசியா?"

"இல்ல சார்..."

சூப்பர்வைசர் கண்ணைத் திறந்தார்.

இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே ஜீப் சாவியை எடுத்திருந்தார்!

---

பண்ணை வீட்டின் பின்பக்கம் துணிக் கொடி.

நாலைந்து புழங்கு துணிகள். நடுவில், இரண்டு கிளிப் போட்டு, ஒழுங்காக நீவி விடப்பட்ட ஒரு நீலக் கோட்டு.

ஏறக்குறையக் காய்ந்திருந்தது. வலது கையில் வட்ட வட்டமாகப் பழுப்புக் கறை. தேய்த்திருக்கிறார்கள். போகவில்லை.

"ஐயா..." ஏட்டு வாயைப் பிளந்தார்.

"முன்பக்கமா போய் அந்த அம்மாவைக் கூப்பிடுங்க. நான் இங்க நிக்கறேன்."

ஏட்டு போனார்.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. இன்ஸ்பெக்டர் நின்ற இடத்திலிருந்து அவள் முதுகு தெரிந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தாள். பழக்கம்.

முன்வாசலில் ஏட்டுவின் குரல் தனக்குத்தானே பேசிக்கொண்டது.

"உதைச்சாத்தான் திறக்கும்னு அந்தம்மாவே சொன்னாங்களே..."

டமால்!

கதவு இறுகியிருக்கவே இல்லை. காகிதம் மாதிரித் திறந்து சுவரில் அடித்தது.

அவள் கத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஓடினாள்!

எதிர்ச் சுவரின் மூலைக்கு. முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு... தான் இருக்கும் இடத்தைவிடச் சின்னதாக ஆகப் பார்த்தாள். ஒரு தட்டு தரையில் விழுந்து உருண்டு, சுற்றி, அடங்கியது.

இந்த ஓட்டத்தை அவர் காலையில்தான் பார்த்திருந்தார். அங்கே ஆயிரக்கணக்கில். இங்கே ஒன்று.

தலைக்கு மேல் தூக்கிய கைகளிலிருந்து சட்டைக் கை நழுவி முழங்கை வரை இறங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

கறுப்பு. மஞ்சள். மஞ்சளுக்கு மேல் கறுப்பு. அடியில் வெள்ளை வெள்ளையாக, எண்ணத் தோன்றாத அளவுக்கு.

சிவப்பு மட்டும் இல்லை. இன்றைக்கு அடிக்க ஆள் இல்லை.

---

"எழுந்து உட்காருங்கம்மா. யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

எழுந்து உட்கார்ந்தாள். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் எதிரில் உட்கார்ந்தார். ஏட்டு வாசலில் நின்றார். பூட்ஸை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி.

"மணிக்கட்டுல அது என்னம்மா? வெந்த மாதிரி..."

"டீ ஆறிப்போச்சுன்னு சொன்னார்."

"ஆறின டீ சுடாதே?"

"அடுத்த டீ ஆறாம இருந்தது சார்."

யாரோ இன்னொருத்தி வீட்டுச் செய்தியைச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"நேத்து ஷெட்டுக்குப் போனீங்களா?"

அவள் சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்தாள்.

"சூப்பர்வைசரைச் சாயங்காலம் கோர்ட்டுல நிறுத்தறேன். அவர் வீட்டம்மா வாசல்ல நிக்கறாங்க. நிறைமாசம்."

அவள் தரையில் கிடந்த தட்டைப் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். துடைத்தாள். மேஜை மேல் வைத்தாள்.

"போனேன் சார்."

"ஏன்?"

"ராத்திரிச் சாப்பாடு ஆறிக்கிட்டிருந்தது. போன் பண்ணினேன், எடுக்கலை. ஆறினா என்ன ஆகும்னு தெரியும். கூப்பிடலாம்னு போனேன். என் துணியைப் பார்த்துக் கோழி மிரண்டா அதுக்கும் சேர்த்து விழும். அதனால கோட்டை மாட்டிக்கிட்டேன். தட்டினேன்."

"அப்புறம்?"

"உள்ளேருந்து... 'வா... மெதுவா வா'ன்னார்."

மேஜை மேலிருந்த தட்டை நேராக நகர்த்தினாள்.

"அந்தக் குரல் எனக்குத் தெரியாது சார். கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் அதைக் கேட்டதே இல்லை. உள்ள வேற யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன்."

"உங்களைப் பார்த்தாரா?"

"திரும்பலை. சூப்பர்வைசர்னு நெனச்சிருப்பார். உட்கார்ந்திருந்தார். மடியில ஒரு கோழி. பாதத்துல சின்னதா, கடுகளவு ஒரு புண்ணு. பஞ்சால துடைச்சார். மருந்து வெச்சார். அப்புறம்... ஊதினார் சார்."

"ஊதினாரா?"

"ஊதி ஊதி... 'வலிக்குதா... வலிக்குதாடா'ன்னு கேட்டார். கோழிகிட்ட."

விசிறிகளின் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"வாரி சுவத்துல சாய்ச்சிருந்தது" என்றாள்.

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

"அந்தக் கோழி?"

"எடுத்துக் கீழே விட்டேன். நடந்து போச்சு."

"நீங்க ஓடலையா?"

"ஓடினா மிரளும் சார்."

வாசலில் ஏட்டு மூக்கை உறிஞ்சினார்.

"கோட்டைத் துவைச்சு மாட்டிடலாம்னு நெனச்சேன். காயறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க." எழுந்துகொண்டாள். "சூப்பர்வைசரை விட்டுடுவீங்க இல்ல?"

"விட்டுடுவோம்."

"காலையிலேயே சொல்லியிருக்கணும். வாய் வரலை. சத்தமா பேசிப் பழக்கம் இல்லை." வாசல் வரை வந்தவள் நின்றாள். "சார்... அங்க கதவு எப்படி?"

"எங்க?"

"ஜெயில்ல."

"வெளியில பூட்டுவாங்கம்மா."

"உள்ள வரணும்னா?"

"சாவி போட்டுத் திறப்பாங்க."

அவள் யோசித்தாள்.

"அப்ப யாரும் உதைக்க வேண்டியதில்லை" என்றாள்.

ஜீப்பில் ஏறிப் பின்சீட்டின் மூலையில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு, என்ன நினைத்தாளோ, கொஞ்சம் நகர்ந்து நடுவில் உட்கார்ந்தாள்.

---

சூப்பர்வைசரை லாக்கப்பிலிருந்து விட்டபோது அவர் மனைவி அழுதாள். அவர் அழவில்லை. "முதலாளியம்மாவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "ஷெட்டுக்குப் போகணும் சார், தண்ணி பார்க்க ஆள் இல்லை" என்று கிளம்பினார்.

கோழி டாக்டர் ஸ்டேஷனுக்கு வந்து தன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் பேனாவைத் திருப்பித் தரவில்லை.

"ஒவ்வொரு தடவை வரும்போதும் அந்த அம்மாதான் எனக்குத் தண்ணி கொண்டுவந்து குடுப்பாங்க சார். மணிக்கட்டைப் பார்த்திருக்கேன். அடுப்புல பட்டுச்சுன்னு சொன்னாங்க. சரின்னுட்டேன்."

"ம்."

"ஒரு கோழி இறக்கையைத் தூக்கிக் காட்டுங்க, எந்தக் கிழமை விழுந்த கீறல்னு சொல்றேன். ஆனா..."

"பேனா, டாக்டர்."

கொடுத்துவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். டீ வந்திருந்தது. தொட்டுப் பார்த்தார். ஆறிப் போயிருந்தது. அதையே குடித்தார்.

"ஏட்டு..."

"ஐயா?"

"உங்க வீட்டுக் கதவை எப்படித் திறப்பீங்க?"

ஏட்டு தன் பூட்ஸைப் பார்த்தார்.

"நம்ம வீடுதானேய்யா..."

"நான் அதைக் கேட்கலை."

ஏட்டு சல்யூட் அடித்தார். எதற்கு என்று இருவருக்கும் தெரியவில்லை. வெளியே போகும்போது ஸ்டேஷன் கதவைக் கையால் இழுத்து, சத்தம் வராமல் சாத்தினார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

பொழுது சாயும் நேரத்தில் ஏட்டு தன் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வெளிச்சம். பாத்திரம் உருளும் சத்தம்.

வழக்கம்போல் வலது கால் உயர்ந்தது.

நின்றது.

இறங்கியது.

விரலை மடக்கி மெதுவாகத் தட்டினார். மூன்று தட்டு.

உள்ளே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு அவர் மனைவியின் குரல்.

"யாருப்பா அது? விலாசம் மாறி வந்துட்டீங்க போல... தட்டிட்டு வர்ற ஆளு யாரும் இந்த வீட்டுல இல்லையே!"